காடி பக்கம் இரண்டு கேமரா

9

இரும்பு ட்ரம்மின் மூடியைத் திறக்கிற கடப்பாரை ஒரு மனிதனின் மண்டையை எப்படித் திறக்கும் என்பதை முத்துசெல்வம் செய்தே காட்டினான். நீல நிறப் பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றை நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் ஓங்கி ஒரே போடு. ட்ரம் வாயைப் பிளந்தது. உள்ளே கிடந்த பழைய சோப்புத் தண்ணீர் மகேஷ்குமாரின் சட்டை வரைக்கும் தெறித்தது.

“இப்படித்தான் அடிச்சிருக்கான் எங்க அண்ணனை. பின்னாடி நின்னு. மூணு அடி. முத அடியிலயே உயிர் போயிட்டுன்னு டாக்டர் சொன்னாரு. மிச்சம் ரெண்டு எதுக்குன்னு கேளுங்க மேடம்.”

“எதுக்கு?” என்றாள் ஜான்சி.

“அதைத்தான் நானும் அவன்கிட்ட கேட்டேன். சொல்லல. ஒரு காலை ஒடிச்சேன். அப்பவும் சொல்லல. இன்னொரு காலையும் ஒடிச்சேன்.”

மகேஷ்குமார் சிரித்து வைத்தான். முகத்தை வேறு எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கால் ஒடிந்து கிடக்கும் இசக்கி, அவன் கூடப்பிறந்த அக்கா மாரீஸ்வரியின் புருஷன்.

முத்துசெல்வத்துக்கு அது தெரியாது. அவனைப் பொறுத்தவரை வந்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய இரண்டு பேர். இடத்தைச் சுற்றிப் பார்த்து, வெளிப்புறத்துக்கு எந்த மாதிரிக் கேமரா, எங்கெங்கே மாட்டுவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். அது முழுப் பொய்யும் இல்லை. ஜான்சி பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். பிறகுதான் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் தொழிலுக்கு வந்தாள். பழைய சகாக்களிடம் கேட்டு இந்த வேலையை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தாள். தாராவிக்காரனான மகேஷ் அவளுடைய அசிஸ்டென்ட். வாய் ஓயாதவன். இன்றைக்கு அந்த வாயை நினைத்து அவனுக்கே பயமாக இருந்தது.

செம்பூரைத் தாண்டி, மாகுல் பக்கம், உப்பங்கழியை ஒட்டி அரை ஏக்கர் யார்டு. தொழிற்சாலைகளில் காலியாகும் ட்ரம்களை வாங்கிக் கழுவி விற்கிற தொழில். முன்னால் கேட், அதை ஒட்டி டெம்போ நிற்கும் இடம். நடுவில் நீளமான ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் மதில், மதிலில் ஒரு சின்ன வாசல், அதிலிருந்து கழிக்கு இறங்கும் கல்படி. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இந்த இடத்தின் முதலாளி பூதத்தான் ஷெட் ஓரம் மண்டை பிளந்து கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அவர் டெம்போ டிரைவர் இசக்கியை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தார். “பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் இசக்கி. கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் பூதத்தானின் சட்டைப் பையில் ஒரு சீட்டு கிடைத்த பிறகு அந்த வார்த்தை அவன் கழுத்தில் சுருக்காக விழுந்தது.

முத்துசெல்வம் சீட்டின் போட்டோவைப் போனில் காட்டினான். ஒரு மூலையில் ரத்தம் காய்ந்திருந்தது. நீலப் பேனா, தமிழ்க் கையெழுத்து.

கேட் – 1
ஆபீஸ் – 1
காடி பக்கம் – 2. உடனே. அவன் மூஞ்சி தெரியணும்.

“எனக்குத் தமிழ் வாசிக்க வராது மேடம். மராட்டி மீடியம். ஆனா இந்தச் சீட்டு மனப்பாடம். காடி, அதான் டெம்போ, நிக்கிற எடத்துல கேமரா வேணும், அவன் மூஞ்சி தெரியணும். காடி ஓட்டுதவன் மூஞ்சி வேற யாரு மூஞ்சி? அண்ணனுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு.” கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். “நாளைக்கு அவனை ஆஸ்பத்திரியில இருந்து ஜெயிலுக்கு மாத்துதாங்க. உள்ள நம்ம பசங்க ரெண்டு பேரு இருக்கானுங்க. மிச்சத்த அவனுங்க பாத்துக்கிடுவானுங்க.”

நாளைக்கு. போலீஸ் காவலோடு கட்டிலில் கிடக்கிற மகேஷின் அத்தானுக்கு ஜெயிலுக்குள் எழுந்து ஓடக்கூடக் கால் கிடையாது.

“அந்தப் போட்டோவ எனக்கு அனுப்பிருங்க. அவரு ஆசைப்பட்ட மாதிரியே போட்டிருவோம்,” என்றாள் ஜான்சி, வெங்காய விலை விசாரிக்கிற குரலில்.

அப்போது டீயோடு வந்தார் மேனேஜர் சுரேந்திரன். ஐம்பது வயது, தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. பதினொரு வருஷமாக இங்கே இருக்கிறார். அவரைப் பற்றி மாரீஸ்வரி முன்பே சொல்லியிருந்தாள். யார்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த ஒரே மனுஷன் அவர்தானாம். கட்டிலில் ஆப்பிள் பையை வைத்துவிட்டு, கண் கலங்க நின்றுவிட்டுப் போனாராம்.

சுற்றிக் காட்டியதும் அவர்தான். டெம்போ நிற்கும் இடத்தில் ஜான்சி டேப் பிடித்து அளந்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே ஷெட்டைக் கடந்து மதில் வாசலுக்குப் போய் நின்றாள். வெளியே கழி வற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் சேற்றில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேய்ந்தன.

“தண்ணியோரத்துல கேமரா மாட்டுறது லேசு இல்லடே,” என்றாள் ஜான்சி. “சாயங்கால வெயில் தண்ணியில பட்டு நேரா கண்ணாடிக்குள்ள அடிக்கும். படமெல்லாம் வெளுத்துரும். அலை ஆடுனாலே ஆள் வந்துட்டான்னு போன் அலறும்.”

“இந்தப் பறவைக் கூட்டத்துக்கு அலறுனா, ஓனர் போன் சூடாகி வெடிச்சிரும்க்கா,” என்றபடி மகேஷ் கல்படியில் கால் வைத்தான். சர்ரென்று வழுக்கி, இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தான். உள்ளங்கை கறுத்துப் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தான். டீசல்.

“ட்ரம் கழுவுற தண்ணி இந்த வழியாத்தான் போகும் தம்பி. பாத்து,” என்று சுரேந்திரனே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு ஜான்சியிடம் குரலைத் தாழ்த்தினார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. கேட்டுக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு போதும். மூணாவதாக் கேட்ட ரெண்டும் தண்டம். உப்புக் காத்துல மூணு மாசம்கூடத் தாங்காது. அண்ணன் செத்த ஆத்திரத்துல முத்துசெல்வம் ஆடறான். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

“யோசிக்கலாம் சார்,” என்றாள் ஜான்சி.

திரும்பி நடக்கும்போது முத்துசெல்வம் குறுக்கே வந்து நின்றான். மகேஷின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து மதிலோடு சாத்தினான். பின்மண்டை செங்கலில் மோதிக் கண்ணுக்குள் பொறி பறந்தது.

“லே, நான் காலை ஒடிச்ச கதையைச் சொல்லும்போது நீ என்னத்துக்குலே சிரிச்ச? எங்க அண்ணன் சாவு உனக்கு சினிமாவா?”

மகேஷின் வலது கை தானாக முஷ்டியானது. ஜான்சியின் பார்வை அதன்மேல் விழுந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

“பயத்துல சிரிச்சேண்ணே. எனக்கு ஊசி போட்டாலும் சிரிப்புத்தான் வரும்.”

முத்துசெல்வம் காலரை விட்டான்.

ரிக்ஷாவில் ஏறியதும் மகேஷ் பின்மண்டையைத் தடவிப் பார்த்தான். விரலில் ரத்தம். “அக்கா, இவனைக் கொன்னுருவேன். நெசமாச் சொல்லுதேன்.”

“கொல்லு. முன்னால இதை வாசி.” போனில் சீட்டின் படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள். “மெல்லிசுத் தாளு. பின்பக்கம் அச்சடிச்சது லேசா இந்தப் பக்கம் தெரியுது பாரு. எழுத்து இடவலம் மாறி இருக்கு.”

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்துக் கூட்டினான். ஏதோ எலக்ட்ரானிக்ஸ், செம்பூர். ஒரு கேமராக் கடையின் எஸ்டிமேட் தாள். பூதத்தான் சாவதற்கு முன்பே கடைக்குப் போயிருக்கிறார். சீட்டின் முன்பக்கத்தை வைத்து ஒருத்தனின் வாழ்க்கையையே முடித்தவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடை செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. முதலாளி தப்ரேஸ் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். தமிழைச் சரளமாகப் பேசுவான், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. கூரையெங்கும் கேமராக்கள் தொங்கிய அந்தக் கடையில் மகேஷுக்குத் தன் முகம் எட்டு டிவியில் ஒரே நேரத்தில் தெரிந்தது.

“எட்டுலயும் ஒரே லட்சணம். மாடல் மாத்தியும் பிரயோஜனம் இல்ல,” என்றான்.

பூதத்தான் பெயரைச் சொன்னதும் தப்ரேஸ் நாக்கைக் கடித்தான். “பாவம் சேட். திங்கக்கிழம சாயந்தரம் இங்கதான் ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தார். நாலு கேமரா கேட்டார். ரெண்டு சாதா. ரெண்டு மட்டும் ஸ்பெஷல். துரு பிடிக்காத ஸ்டீல் பாடி. உப்புத் தாங்கணும். அலை ஆடினா அலாரம் அடிக்கக் கூடாது, ஆள் வந்தா மட்டும் அடிக்கணும். படகுல வர்றவன் மூஞ்சி தெரியுமான்னு நாலு வாட்டி கேட்டார்.”

“படகா?” மகேஷுக்குப் புரியவில்லை. “அவரு கேட்டது வண்டி நிக்கிற எடத்துக்குல்லா? சீட்டுல காடி பக்கம்னு எழுதியிருக்கே.”

“ஆமா, காடிதான் சொன்னார்.”

“அதான், காடி. டெம்போ.”

“அரே பாய், டெம்போ எங்கேர்ந்து வந்துச்சு? காடி! தண்ணி காடி! நம்ம தாராவி காடி மாதிரி!”

மகேஷ் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டும் மராட்டி வார்த்தைகள். ‘கங்கை’க்குப் போடுகிற அழுத்தத்தோடு சொன்னால் அது வண்டி. ‘காற்று’ என்கிற மாதிரி மூச்சை விட்டுச் சொன்னால் அது உப்பங்கழி. பம்பாயில் பிறந்த எந்தத் தமிழன் காதும் இந்த இரண்டையும் பிரித்துவிடும். ஆனால் தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. பூதத்தான் எழுதியது கழி. படித்தவர்கள் படித்தது வண்டி. அந்த ஒரு வார்த்தையை வைத்து அவன் அத்தானைத் தரையில் மல்லாத்திப் போட்டு இரண்டு முழங்காலையும் உடைத்திருக்கிறார்கள்.

“அக்கா...” மகேஷ் ஜான்சி பக்கம் திரும்பினான். “அத்தான் மேல தப்பே இல்லக்கா.”

“அது எனக்கு முதல்லயே தெரியும். உங்க அக்கா மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். இப்ப கோர்ட்டுக்கும் தெரியணும்.” ஜான்சி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பூதத்தானின் சீட்டை மராட்டியில் எழுதிப் போலீஸில் கொடுத்த நகல். இசக்கியின் வக்கீலிடம் வாங்கி வைத்திருந்தாள். மூன்றாவது வரியை மட்டும் தப்ரேஸிடம் காட்டினாள்.

“காடி...” தப்ரேஸ் விரல் வைத்துப் படித்தான். “மேடம், இது வண்டிக் காடி. மராட்டில எழுத்தே வேறயாச்சே.”

“போதும்.” தாளை மடித்தாள்.

“கீழ யாரோ கையெழுத்துப் போட்டிருக்கே, யாரதுக்கா?” என்று மகேஷ் எட்டிப் பார்த்தான்.

“தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவன். வா, ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டியிருக்கு. தப்ரேஸ் பாய், திங்கக்கிழம என்ன பேசினாரோ அதை அப்படியே போலீஸ்ல சொல்லுவீங்களா?”

“சொல்றேன். ஆனா இன்னொண்ணு மேடம். போகும்போது சேட் அழுதார். ‘படகு வந்தா உள்ளேர்ந்து ஒருத்தன் கதவு திறந்து விடறான், யார்னு மட்டும் தெரியல’ன்னு சொல்லி அழுதார்.”

மூன்று மணிக்கு யார்டு ஆபீஸில் மீண்டும் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் இரும்பு மேஜை. காகிதங்கள் பறக்காமலிருக்க அதன்மேல் ட்ரம் வெட்டுகிற உளி ஒன்று கிடந்தது. ஜான்சி கேமரா எஸ்டிமேட்டை விரித்தாள்.

“மேனேஜர் சார் சொன்னது சரிதான். ரெண்டு போதும். ஆனா ஒரு சிக்கல். ஓனர் கேட்ட கேமராவத் தள்ளினா, ஏன் தள்ளினோம்னு கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும். லிஸ்டுல மூணாவதா இருக்கே, அந்த ரெண்டு. தமிழ்ல எழுதினா அங்க ஆகாது. மராட்டி போதும்.”

“அண்ணன் கேட்டதை எதுக்குத் தள்ளணும்?” என்று முத்துசெல்வம் எகிறினான்.

“பொறுங்க. காரணத்தைப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.”

சுரேந்திரனின் முகம் மலர்ந்தது. வேண்டாத இரண்டு கேமராவும் ஒரு கையெழுத்தில் ஒழியும் என்றால் அவருக்குக் கசக்குமா? பையிலிருந்து பேனாவை எடுத்தார். மணி மணியான எழுத்து. நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். ஜான்சி அதை வாங்கி, பையிலிருந்த போலீஸ் நகலையும் சேர்த்து முத்துசெல்வத்திடம் நீட்டினாள்.

“நீங்க மராட்டி மீடியம்தானே. ரெண்டையும் வாசிச்சுத் தமிழ்ல சொல்லுங்க.”

“இது போலீஸ்ல குடுத்தது. ‘வண்டி நிக்கிற பக்கம் ரெண்டு. உடனே. அவன் முகம் தெரியணும்.’ கீழ சுரேந்திரன் அண்ணன் கையெழுத்து.” அடுத்த தாளைப் பார்த்தான். “‘முதலாளி காடி பக்கம் ரெண்டு கேமரா கேட்டிருந்தார். உப்புக் காத்துல கெட்டுப்போகும் என்பதால்...’”

நிறுத்தினான். எழுத்தை மறுபடி பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்த எழுத்து வித்தியாசம் அது. மறக்காது.

“அங்க வண்டி. இங்க தண்ணி,” என்றான் மெதுவாக. “ஒரே சீட்டு. ஒரே கையெழுத்து. எப்படிண்ணே?”

சுரேந்திரன் சிரித்தார். “பேனா தவறிடுச்சுப்பா. ஒரு எழுத்துதானே.”

“ஒரு எழுத்துதான்,” என்றாள் ஜான்சி. “அந்த ஒரு எழுத்துக்கு ஒரு மனுசனோட ரெண்டு காலு போயிருக்கு. பேனா தவறினது இன்னைக்கு இல்ல சார். காலையிலயே உப்புக் காத்துன்னீங்க. டெம்போ நிக்கிற எடத்துக்கு ஷெட்டைத் தாண்டி ஏது உப்புக் காத்து? அந்தச் சீட்டு தண்ணியப் பத்தினதுன்னு உங்களுக்கு முத நாளே தெரியும். தெரிஞ்சேதான் போலீஸுக்கு வண்டின்னு எழுதினீங்க. படியெல்லாம் டீசல் வழியுது. திருட்டு டீசல் படகுல வருது, ட்ரம்முல நிரப்பி வெளிய போகுது. மதில் வாசலைத் தெறந்து விடுத மூஞ்சியப் பாக்கத்தான் அவரு கேமரா கேட்டாரு. கேமரா வாரதுக்குள்ள செவ்வாய்க்கிழமை காலையில நேராவே பாத்துட்டாரு.”

மகேஷ் சுரேந்திரனைப் பார்த்தான். அந்த ஆப்பிள் பை. அந்தக் கண்ணீர். அத்தான் பிழைப்பானா, பேசுவானா என்று வேவு பார்க்க வந்திருக்கிறான் இந்தப் பாவி.

சுரேந்திரனின் கை மேஜைமேல் நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. உளி பாய்ந்தது. ஜான்சியின் தோளில் சேலையோடு சதையும் கிழிந்தது. அவள் நாற்காலியோடு சாய, இரும்பு மேஜை முத்துசெல்வத்தின் மேல் கவிழ்ந்தது. ஆபீஸ் கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டபோது சுரேந்திரன் ஷெட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

“போடே! உயிரோட வேணும்!” என்று ரத்தம் வழியும் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் ஜான்சி.

மகேஷ் பறந்தான். ஷெட்டைக் கடந்து, மதில் வாசலைத் தாண்டி, டீசல் படியில் சறுக்கியே இறங்கினான். தண்ணீர் நன்றாக வற்றிக் கழி வெறும் சேறாகக் கிடந்தது. சுரேந்திரன் இருபதடி தூரத்தில் முழங்கால் புதைய இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். மகேஷ் அவர் முதுகில் விழுந்தான். இரண்டு பேரும் முகம் குப்புறச் சேற்றுக்குள் போனார்கள். மூக்கிலும் வாயிலும் சேறு. உளி அவன் விலாவை உரசிக்கொண்டு போனது. அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தான். பல்லுக்கு நடுவே ரத்தம் வரும்வரை கடித்தான். உளி நழுவியது. சுரேந்திரன் கையில் சிக்கிய ஒரு கல்லால் அவன் நெற்றியில் அடித்தார். ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. மகேஷ் இரண்டு வார ஆத்திரத்தையும் இரண்டு முஷ்டியில் வைத்து அந்த முகத்தில் குத்தினான். மூக்கு நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று குத்தினான்.

அப்போது பின்னால் சேறு சளசளத்தது. கடப்பாரையோடு முத்துசெல்வம்.

“விலகுலே.”

முத்துசெல்வத்தின் கண்ணில் ஒரு சொட்டு நிதானம் இல்லை. தகப்பன் மாதிரி வளர்த்த அண்ணனைக் கொன்றவன் சேற்றில் மல்லாந்து கிடக்கிறான். மகேஷுக்கும் விலகத்தான் ஆசை. ஒரே அடி, கதை முடிந்தது. ஆனால் செத்த வாய் கோர்ட்டில் பேசாது. இவன் செத்தால் இசக்கி நாளைக்கு ஜெயிலுக்குப் போவான். அங்கே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

கடப்பாரை இறங்கியது. மகேஷ் கொலைகாரனின் மேல் கவிழ்ந்து இடது கையைத் தூக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தம் அவன் காதிலேயே கேட்டது. அவன் போட்ட அலறலில் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்தது.

“விலகுலே! உனக்கென்ன பைத்தியமா?”

“சொல்லச் சொல்லுங்க!” மகேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். “முதல்ல அவன் சொல்லட்டும்!”

மதில் வாசலில் ஜான்சி நின்றாள். ஒரு கை தோளில், மறு கையில் போன். “காடி பக்கத்துக் கேமரா ஓடுது மேனேஜர் சார். மூஞ்சி நல்லாத் தெரியுது. சொல்லிட்டா இந்தத் தம்பி உங்க மேல படுத்திருப்பான். இல்லன்னா எந்திரிக்கச் சொல்லிருவேன்.”

கடப்பாரை மறுபடி உயர்ந்தது. சுரேந்திரன் அதையே பார்த்தார். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

“நான்தான்,” என்றார். “படியில என்னைப் பாத்துட்டார். உன்னையா நான் நம்பினேன்னு ஒரே வார்த்தைதான் கேட்டார். திரும்பி நடந்தார். போலீஸுக்குப் போயிருவார்னு... நான்தான். இசக்கிக்கு ஒண்ணும் தெரியாது. படகுக்காரனுங்க பேரெல்லாம் சொல்றேன். அவனைப் பிடிங்க மேடம், அடிச்சிருவான்!”

“மிச்சம் ரெண்டு அடி எதுக்குலே?” முத்துசெல்வத்தின் குரல் சின்னப் பையன் குரல்போல் ஆகிவிட்டது.

“என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. அந்தக் கண்ணு.”

கடப்பாரை சேற்றில் விழுந்தது. முத்துசெல்வம் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஜான்சி போலீஸுக்குப் போன் போட்டு, முதல் வேலையாக ஆஸ்பத்திரிக் காவலில் இருப்பவனை இடம் மாற்றுவதை நிறுத்தச் சொன்னாள். வீடியோவும் போய்ச் சேர்ந்தது. யார்டு ஆட்கள் நான்கு பேர் இறங்கி வந்து சுரேந்திரனைக் கயிற்றால் கட்டிப் படியேற்றினார்கள்.

மகேஷ் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு யாருடைய கையோ போல் தொங்கியது. முத்துசெல்வம் அவன் முன்னால் வந்து நின்றான்.

“லே தம்பி. கேமரா மாட்டுதவன் எதுக்குலே அவனுக்காக அடி வாங்குன?”

“அவனுக்காக இல்ல. நீங்க ரெண்டு காலையும் ஒடிச்சீங்களே, இசக்கி. அவரு எங்க அக்கா மாப்பிள்ளை.”

முத்துசெல்வம் அப்படியே சேற்றில் முழங்காலிட்டு முகத்தை நீட்டினான்.

“அடிலே. எத்தன வேணாலும் அடி. கடப்பாரையால வேணும்னாலும் அடி.”

மகேஷுக்கு நல்ல கை ஒன்று இருந்தது. அது துடிக்கவும் செய்தது.

“அடிச்சா உங்களுக்கு லேசாப் போயிரும்ணே,” என்றான். “எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“ஆமா, ஆமா. உன் கைய முதல்ல பாக்கணும்.”

“கை கெடக்கட்டும். எங்க அக்கா பதினாலு நாளா கட்டில் பக்கம் உக்காந்திருக்கா. வயித்துல ஏழு மாசம். என்ன செஞ்சேன், எதுக்குச் செஞ்சேன்னு அவ முன்னால நின்னு நீங்களே உங்க வாயால சொல்லணும்.”

எழுந்திருக்க முயன்ற முத்துசெல்வம் சேற்றில் வழுக்கினான். மகேஷ் அந்த நல்ல கையை நீட்டி அவனைப் பிடித்துத் தூக்கி, படியைப் பார்த்து நடத்திக்கொண்டு போனான்.